ஊரைக் காலால் படிப்போம்

(வெளியூர்களிலிருந்து ஓசூருக்குப் புதிதாகக் குடிவந்துள்ள குடும்பங்களுக்காக நமது அறக்கட்டளை நடத்திய சந்திப்பில் செயலாளர் ஆற்றிய உரை)



ஓசூர் என்ற பெயருக்கே புது ஊர் என்றுதான் பொருள். கன்னடத்தில் 'ஹொச' என்றால் புதிய. ஆகவே, 'நாங்கள் இந்த ஊருக்குப் புதுசு' என்று நீங்கள் கூச வேண்டியதில்லை. சிப்காட் வந்து, அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் டைட்டனும் ஆள் எடுக்கத் தொடங்கிய பிறகு இங்கே வந்து சேர்ந்த குடும்பங்கள் ஏராளம். வீட்டுக்குள் உருது, பக்கத்து வீட்டில் தெலுங்கு, பஸ்ஸில் கன்னடம், ரேஷன் கடையில் தமிழ். இதுதான் நமது ஊர்.

கல்வி உதவித்தொகை பற்றி இன்று நான் பேசப்போவதில்லை. அதற்கான மனுக்களை ஜுமுஆ தொழுகைக்குப் பிறகு அலுவலகத்தில் பெற்றுக்கொள்ளலாம். இன்று பேசப்போவது நடப்பதைப் பற்றி. சிரிக்காதீர்கள்.

நம் மஹல்லாவில் ஒரு வீட்டில் இரவு நேரத்தில் கைக்குழந்தைக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்துவிட்டது. கணவர் நைட் ஷிப்டில் இருந்தார். அந்தச் சகோதரி 108-க்குப் போன் செய்தார். 'எந்தத் தெரு, பக்கத்தில் என்ன இருக்கிறது?' என்று கேட்டார்கள். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. குடிவந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. வெளியே போனதெல்லாம் கணவரின் பைக்கில், இல்லாவிட்டால் ஆட்டோவில். 'பச்சை கேட் வீடு, பச்சை கேட் வீடு' என்றே திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மாள் போனை வாங்கி வழி சொன்னார். குழந்தை நலம், அல்ஹம்துலில்லாஹ். அந்தச் சகோதரியை யாரும் குறை சொல்லக் கூடாது. எட்டு மாதத்தில் தெருமுனை வரை அவரை நடத்திக் கூட்டிப் போக ஒருவருக்கும் தோன்றவில்லை. குறை இருந்தால் அது வீட்டு ஆண்களாகிய நம் மீதுதான்.

'செல்போனில்தான் மேப் இருக்கிறதே பாய்' என்று வாலிபர்கள் சொல்கிறார்கள். இருக்கிறது. நானும் பார்க்கிறேன். பாகலூர் போக, தேன்கனிக்கோட்டை போக அது வழி காட்டும். ஆனால் எந்த மெடிக்கல் ஷாப்காரர் கதவைத் தட்டினால் இரவிலும் திறப்பார், எந்தச் சந்தில் விளக்கு எரியாது, பிள்ளை பள்ளிக்கூடம் போகும் வழியில் நாய்கள் எங்கே படுத்திருக்கும், இவையெல்லாம் அதில் இல்லை. தவிர, பல வீடுகளில் இருப்பதே ஒரு நல்ல போன்தான். அதுவும் கணவரோடு ஷிப்டுக்குப் போய்விடுகிறது.

நம் மாவட்டத்துக்கும் இந்த நடைக்கும் பழைய தொடர்பு உண்டு. 1792-ல் திப்பு சுல்தானுடன் செய்த உடன்படிக்கையின்படி கிருஷ்ணகிரி, தருமபுரி அடங்கிய பாராமகால் கம்பெனியார் கைக்குப் போனது. கேப்டன் ரீடும் அவருக்கு உதவியாக வந்த தாமஸ் மன்றோவும் ஏழு ஆண்டுகள் இந்தப் பகுதியில் இருந்தார்கள். கிராமம் கிராமமாக, வயல் வயலாக நிலத்தை அளந்தார்கள். ரயத்துவாரி முறை உருவானதே இங்கேதான். உழைப்பு பெரியது, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கணக்கெல்லாம் வரி வாங்குவதற்கு. கிணற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போகும் பெண்ணுக்கு அதில் என்ன இருந்தது?

வேறொன்றைச் சொல்கிறேன். கென்யாவின் தலைநகர் நைரோபியில் கிபேரா என்று ஒரு பெரிய குடிசைப் பகுதி. லட்சக்கணக்கான மக்கள் நெருக்கியடித்து வாழும் இடம். ஆனால் பொது வரைபடங்களில் பெரும்பாலும் வெற்றிடமாகவே கிடந்தது. 2009-ல் அங்கேயே வாழும் இளைஞர்கள் ஜிபிஎஸ் கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு சந்து சந்தாக நடந்தார்கள். தண்ணீர்க் குழாய், கழிப்பிடம், மருந்தகம், பள்ளிக்கூடம் என்று ஒவ்வொன்றாகக் குறித்தார்கள். அங்கே குடியிருப்பவருக்கு எது தேவை என்பது குடியிருப்பவருக்குத்தானே தெரியும்!

நமக்குக் கருவி எதுவும் வேண்டாம். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் போதும். நடுவில் உங்கள் வீட்டை வரையுங்கள். முதல் நாள் கால் மணி நேரம் ஒரே பக்கமாக நடந்துவிட்டுத் திரும்புங்கள். பார்த்ததை வீட்டுக்கு வந்து எழுதுங்கள். மறுநாள் வேறு பக்கம். அளவு சரியாக இருக்க வேண்டியதில்லை. தெருப் பலகை, மின்கம்ப எண், பால் கடை, பள்ளிவாசல், அரசு ஆஸ்பத்திரிக்குப் போகும் ஷேர் ஆட்டோ நிற்கும் இடம் இவை இருக்கட்டும். பிள்ளைகளையும் வரையச் சொல்லுங்கள். நாம் பார்க்காததை அவர்கள் பார்ப்பார்கள்.

வழி தப்பினால் சந்திரசூடேஸ்வரர் கோயில் மலையைத் தேடுங்கள். எந்த மதத்தவருக்கும் ஓசூரில் திசை காட்டுவது அதுதான். கிருஷ்ணகிரியில் இருக்கும் நம் உறவினர்களுக்கு சையத் பாஷா மலை இருப்பதுபோல. ஊரை இரண்டாகப் பிளந்து போகும் நெடுஞ்சாலையைத் தாளில் தடிமனாகக் கோடு போடுங்கள். அதை எங்கே பத்திரமாகக் கடக்கலாம் என்பதை வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். லாரி யாருக்காகவும் நிற்பதில்லை. ஜூஜூவாடி பக்கம் குடியிருப்பவர்கள் இன்னொரு கோடும் போட வேண்டும். கொஞ்ச தூரத்தில் அத்திப்பள்ளி. அங்கே மாநிலம் வேறு, போலீஸ் ஸ்டேஷன் வேறு. பர்ஸ் தொலைந்தாலும் எந்தப் பக்கம் தொலைந்தது என்று கேட்பார்கள்.

'பெண்கள் இப்படித் தெருத்தெருவாக நடக்கலாமா?' என்று பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார். நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ்ஸுக்குப் போய் நிற்கிறார்கள். அந்தச் சம்பளத்தை நாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்படியிருக்க, பஸ் நிற்கும் இடம் வரை உள்ள வழியை அவர்கள் பகலில் நடந்து பார்த்துக்கொள்வதில் என்ன குறை? அவருக்கு நான் சொன்ன பதில் இதுதான். அவர் தம் மருமகளையும் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.

வரும் ஞாயிறு அஸர் தொழுகைக்குப் பிறகு தாய்மார்கள் நம் அலுவலகத்தில் கூடுங்கள். இங்கே பல ஆண்டுகளாக இருக்கும் சகோதரிகள் நான்கு பேர் உடன் வருவார்கள். பெரிய குழுவாகப் போனால் பேச்சில்தான் கவனம் போகும், அதனால் ஐந்தைந்து பேராகப் பிரிந்து நடப்பது. பென்சிலும் தாளும் அலுவலகத்தில் தருகிறோம். தண்ணீர் பாட்டிலை மட்டும் நீங்கள் கொண்டுவாருங்கள். மஃக்ரிபுக்கு முன் எல்லோரும் வீடு சேர்ந்துவிடலாம், இன்ஷா அல்லாஹ். ஆண்கள் அந்த ஒன்றரை மணி நேரம் வீட்டில் இருந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.