ஒருகாலியா, ஒற்றைக்காலியா?



ஒளிப்படக் கருவிகள் விற்கும் கடைகளில் 'மோனோபாட்' என்னும் பெயரோடு நீண்ட கோலொன்று விலைக்கு நிற்கின்றது. ஒன்றினுள் ஒன்றாய் உள்வாங்கும் குழல்கள். தலையில் ஒரு திருகு. அடியில் தொய்வப் பூண். முக்காலியைப்போல் அது தானாக நில்லாது. படம் எடுப்பவரின் இரு கால்களோடு மூன்றாங்காலாகச் சேர்ந்தே நிற்கும். 600 மி.மீ. குவியத் தொலைவுள்ள பெரிய வில்லைகளுள் 3 கிலோ எடையைத் தாண்டுவன உண்டு. விளையாட்டுத் திடலின் ஓரத்தில் அச்சுமையை மணிக்கணக்கில் கையில் ஏந்துதல் யார்க்கும் அரிது. கோல் அதனைத் தாங்கும். மேல்கீழ் ஆட்டத்தை அடக்கும். பந்து போகும் பக்கமெல்லாம் படப்பெட்டியைத் திரும்பவும் விடும்.

இனி, பெயர். 'மோனோ', 'பாட்' இரண்டும் கிரேக்க வேரின. முன்னது தனிமை, பின்னது அடி. ஆங்கிலன் கடன் வாங்கினான். செருமானியனோ 'ஐன்பைன்சுட்டாட்டிவ்' என்றான். அதில் 'ஐன்' ஒன்று, 'பைன்' கால். இரண்டும் அவன் வீட்டுச் சொற்களே. (கடைசித் துண்டு மட்டும் இலத்தீன் வழியது, அதை மறைக்க வேண்டுவதில்லை.) சீனன் 'ஒற்றைக்கால் சட்டம்' எனப் பொருள்படும் மூன்றெழுத்தில் முடித்துக்கொண்டான். அடுக்களையில் முக்காலியும் கூடத்தில் நாற்காலியும் வைத்திருக்கும் தமிழன் மட்டும் ஏன் கடைக்காரன் சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டும்?

ஒற்றைக்காலி என்பார் உளர். பிழையன்று. ஆயினும், ஒற்றைச் செருப்பு, ஒற்றை மாடு என்னும்போது இணையை இழந்த குறையன்றோ தோன்றுகின்றது? இக்கருவி எதையும் இழக்கவில்லை. ஒரு காலோடே பிறந்தது. நாற்காலி, முக்காலி, துமுக்கி தாங்கும் இருகாலி என எண் இறங்கிவரும் வரிசையில் இறுதியாக நிற்கத் தக்கது ஒருகாலியே.

'ஒருகால்' என்றால் 'ஒருவேளை' என்று பொருளாகுமே எனத் தடுப்பாரும் உண்டு. முக்கால் என்றாலும் நான்கில் மூன்று பங்குதான்! ஈற்றில் இகரம் ஏறியதும் அது இருக்கையாகிவிடவில்லையா? அவ்விகரமே இங்கும் காக்கும். 'காலி' வெறுமையைக் குறிக்குமே என்பார்க்கு விடை இன்னும் எளிது. அது உருது வழி வந்த அரபுச் சொல். கால் உடையதைச் சுட்டும் தமிழ்க் காலிக்கும் அதற்கும் உறவே இல்லை. 'நாற்காலி காலி' என்று கேட்டு எவனும் மயங்கியதில்லை.

ஒளிப்படக் கடை வைத்திருக்கும் அன்பர்கள் விலைப்பட்டியலில் 'ஒருகாலி' என்றே எழுதுக. கேட்பவர்க்கு விளங்காதோ என்னும் ஐயம் இருப்பின், முதல் சில திங்கள் பக்கத்தில் அதன் படத்தையும் ஒட்டிவைக்கலாம்.