குட்டையைப் பார்க்கக் கத்துக்கொடுப்போம்



எனக்குக் கொடுத்த தலைப்பு குழந்தை வளர்ப்பு. சத்துணவு, படிப்பு பத்தியெல்லாம் மத்தவங்க நல்லாப் பேசிட்டாங்க. நான் குட்டையைப் பத்திப் பேசுறேன்.

நம்ம பக்கம் பிள்ளைங்க நடக்க ஆரம்பிச்சதும், "தண்ணிகிட்ட போகாதே"ன்னுதான் சொல்றோம். அதுக்குக் காரணம் இருக்கு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைன்னு பாலாறு பக்கமெல்லாம் தோல் தொழில். அதுதான் பல வீட்டுக்குச் சோறு போடுது. என் வீட்டுக்காரரும் ஷூ கம்பெனியிலதான் வேலை செய்யறார். ஆனா தோல் பதனிடுற உப்பும் குரோமியமும் மண்ணுல இறங்கி எத்தனையோ கிணறு கெட்டுப்போச்சு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில், கெடுத்தவங்கதான் அதுக்கு ஈடு கட்டணும்னு 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. 2025 ஜனவரியிலும் இதே பிரச்சினைக்காக மறுபடி தீர்ப்பு சொல்ல வேண்டி வந்தது. இதுக்கு நடுவுல ஒரு தலைமுறையே வளர்ந்தாச்சு. அவங்கள்ல பலருக்கு நல்ல குட்டை எப்படி இருக்கும்னே தெரியாது.

அதனால மழைக்காலத்து ஞாயித்துக்கிழமைகள்ல நாங்க குடும்பமாக் கிளம்பிடுவோம். மாமியார், வீட்டுக்காரர், ஏழு வயசுப் பொண்ணு, நாலு வயசுப் பையன், நான். டேனரித் தண்ணி சேராத, மலையடிவாரத்துல மழைத்தண்ணி நிக்கிற குட்டைக்குத்தான் போவோம். செலவு ஒண்ணுமில்லை. ஒரு டீ வடிகட்டி, ஒரு வெள்ளைக் கிண்ணம். கரையோரமா மெதுவா அள்ளிக் கிண்ணத்துல விட்டா, தலைப்பிரட்டை, நத்தை, கொசுப்புழு, தட்டான் குஞ்சு எல்லாம் வரும். தட்டான் குஞ்சுக்கு றெக்கை இருக்காது, தண்ணிக்குள்ளேயே கொசுப்புழுவைப் பிடிச்சுத் தின்னு வளரும். பிறகு கோரையில ஏறி, முதுகுத் தோல் வெடிச்சுப் பறந்து போகும். கோரையில ஒட்டியிருக்கிற அந்த வெறுங்கூட்டை மாமியார்தான் பிள்ளைங்களுக்குக் காட்டினாங்க.

இதுல ஒரு கணக்கு இருக்கு. கொசுப்புழு வாலை மேலே தூக்கி வெளிக்காத்தை இழுத்துக்கும். அதனால சாக்கடையிலகூட பிழைக்கும். தட்டான் குஞ்சும் மீனும் தண்ணிக்குள்ள கரைஞ்சிருக்கிற காத்தை நம்பித்தான் இருக்கு. பலவிதப் பூச்சி இருந்தா அந்தக் குட்டைக்கு உயிர் இருக்குன்னு அர்த்தம். கொசுப்புழுவும் சிவப்புப் புழுவும் மட்டும் இருந்தா சந்தேகப்படணும். ஆனா பூச்சி இருக்குன்னு அந்தத் தண்ணியைக் குடிச்சிடக் கூடாது. உப்பும் குரோமியமும் எவ்வளவு இருக்குன்னு பரிசோதனைக் கூடத்துலதான் தெரியும்.

போறவங்க சிலதைக் கவனிக்கணும். பிள்ளை எப்பவும் கை எட்டுற தூரத்துல இருக்கணும். மண் எடுத்த பள்ளத்துப் பக்கமே போகக் கூடாது. பிடிச்சதைத் திரும்பத் தண்ணியிலேயே விடணும். வீட்டுக்கு வந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவணும்.

போன மாசம் எங்க ஊர்க் கால்வாயைத் தாண்டும்போது என் பொண்ணு குனிஞ்சு பார்த்துட்டு, "இங்க ஏம்மா தட்டான் குஞ்சு இல்லை?"ன்னு கேட்டா. நல்ல தண்ணியைப் பார்த்த பிள்ளைதான் இப்படிக் கேட்கும். பார்க்காத பிள்ளை, தண்ணின்னா இப்படித்தான்னு நினைச்சுக்கிட்டுப் போயிடும்.

அந்தக் கேள்விக்குப் பெரியவங்க நாமதான் பதில் தேடணும். மார்ச் 22 தண்ணீர் தினத்துல கிராம சபை கூடுது. ஒவ்வொரு குழுவும் அதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை பிள்ளைங்களோட உங்க ஊர்க் குட்டையைப் போய்ப் பாருங்க. என்ன இருந்துச்சு, என்ன இல்லைன்னு தீர்மான நோட்டுல எழுதுங்க. நம்ம ஊர்த் தண்ணியைப் பரிசோதிக்கணும்னு அந்த நோட்டோட போய் சபையில கேளுங்க. கடன் கணக்கைப் பைசா சுத்தமா எழுதுற நமக்கு இந்தக் கணக்கு கஷ்டமில்லை.