பாடிய குரலும் கொடுத்த வீடும்
(ஜொகூர் பாருவில் ஆலய நினைவஞ்சலிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அண்மை ஆண்டுகளில் நாம் இழந்த கலைஞர்களையும் தலைவர்களையும் நினைவுகூர்ந்து சில வார்த்தைகள் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். பட்டியல் நீளமானது. என் மனத்தில் முதலில் வந்து நிற்பவர் அமரர் எஸ்.பி. பாலசுப்ரமணியம். 2020 செப்டம்பர் 25ஆம் நாள், தமது 74ஆம் வயதில், சென்னையில் இறைவனடி சேர்ந்தார். அது கோவிட் காலம். இங்கிருந்து புறப்பட்டுப் போய் ஒரு மாலை சாத்தவும் நமக்கு வழியில்லை. வானொலியின் முன்னால் அமர்ந்து கண்கலங்கியவர்கள் இச்சபையில் பலர் இருப்பீர்கள்.

1969இல் வெளிவந்த 'அடிமைப்பெண்' தொடங்கி அவர் பாடிய திரைப்பாடல்களை நான் சொல்ல வேண்டியதில்லை. என்னைவிட நீங்களே நன்றாகப் பாடுவீர்கள்! ஆலயத்தாருக்கு அவர் இன்னொரு வகையிலும் உறவு. விடியற்காலையில் எத்தனையோ சிவாலயங்களின் ஒலிபெருக்கியில் எழுகின்ற லிங்காஷ்டகம் அவருடைய குரல்தான். அவர் தந்தையார் சாம்பமூர்த்தி அவர்களும் ஹரிகதை சொன்னவர்.

நெல்லூரில் இருந்த அக்குடும்ப வீட்டை, வேத பாடசாலை நடத்துவதற்கென்று காஞ்சி மடத்திடம் எஸ்.பி.பி. ஒப்படைத்தார். எப்போது? 2020 பிப்ரவரியில், மறைவதற்கு ஏழு மாதம் முன்னால். உயிலில் எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாமல், தாமே நேரில் நின்று கொடுத்தார். அவர் பாட்டைப் பேசுகிற அளவுக்கு இந்த வீட்டை நாம் பேசுவதில்லை.

நகைச்சுவை நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 17இல் மறைந்தார். அப்துல் கலாம் ஐயாவின் தூண்டுதலால் ஒரு கோடி மரக்கன்று நடக் கிளம்பி, 30 இலட்சத்துக்கும் மேல் நட்டுவிட்டுப் போனார்.

நம் ஜொகூர் மண்ணின் மைந்தர் துன் சாமிவேலு 1936இல் குளுவாங்கில் தோட்டத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். வானொலியில் தமிழ்ச் செய்தி வாசித்தவர். 2022 செப்டம்பர் 15இல் மறைந்தார். அவருடைய அரசியலில் எனக்கு மாறுபாடு உண்டு. ஆலய மேடையில் அது வேண்டாம். கெடாவில் அவர் முயற்சியால் எழுந்த ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் படித்து மருத்துவரான தோட்டத்துப் பிள்ளைகளை நாம் அறிவோம்.

இனி, நம் விஷயம். இவர்கள் பெயரில் இன்னிசை இரவு நடத்துகிறோம், மண்டபம் நிறைகிறது. மறுநாள் கையில் மிஞ்சுவது நாற்காலி வாடகை ரசீது. அந்த வசூலில் ஒரு பங்கை நம் தேவார வகுப்புக்கு ஒதுக்கலாமே! பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ஒரே ஆர்மோனியம், அதுவும் இரவல். நிர்வாகத்தினர் அடுத்த கூட்டத்திலேயே இதனைப் பரிசீலிக்க வேண்டுகிறேன்.