கொக்கு, கொசு, மூளைக் காய்ச்சல்

(உரையின் வடிவம்)



கொச்சியின் பழைய வணிகப் பகுதியான மட்டாஞ்சேரியில், மிளகுக் கிடங்குகளுக்கும் குறுகிய தெருக்களுக்கும் இடையே கால்வாய்கள் செல்கின்றன. அவற்றில் தேங்கும் கழிவுநீர் கியூலெக்ஸ் கொசுக்கள் பெருகுவதற்கு ஏற்றது. காயலுக்கு அப்பால், எர்ணாகுளத்திலுள்ள மங்களவனம் என்னும் சிறிய அலையாத்திக் காட்டில் இராக்கொக்குகளும் நீர்க்காகங்களும் கூட்டமாகக் கூடு கட்டுகின்றன. நீர்ப்பறவைகளும் கொசுக்களும் இவ்வாறு அருகருகே வாழும் இடங்களில் மக்கள் நல்வாழ்வுத் துறை விழிப்புடன் இருத்தல் அவசியம்.

கவனத்திற்குரிய வைரஸ்கள் இரண்டு. முதலாவது, ஜப்பானிய மூளைக் காய்ச்சல் வைரஸ். இந்தியாவில் இந்நோய் மனிதரிடம் முதன்முதலில் கண்டறியப்பட்டது 1955-இல், வேலூர்ப் பகுதியில். 1996-இன் தொடக்கத்தில் ஆலப்புழை, கோட்டயம் மாவட்டங்களில் 105 பேரை இது தாக்கியது. 31 பேர் இறந்தனர். இரண்டாவது, 1937-இல் உகாண்டாவில் கண்டறியப்பட்ட மேற்கு நைல் வைரஸ். இதற்கான எதிர்ப்புப் பொருள்கள் 1952-இலேயே மும்பை மக்களின் இரத்தத்தில் காணப்பட்டன. 2011-இல் ஆலப்புழையில் மூளைக் காய்ச்சலுக்கு இதுவே காரணம் என உறுதியாயிற்று. 2019-இல் மலப்புரத்தில் ஒரு சிறுவனும், 2022-இல் திருச்சூரில் ஒருவரும் இதனால் உயிரிழந்தனர்.

இவ்வைரஸ்களின் இயல்பான உறைவிடம் பறவைகளே. நோயுற்ற பறவையின் இரத்தத்தில் வைரஸ் சில நாட்களே மிகுந்திருக்கும். அப்போது கடிக்கும் கொசு அதனைப் பெற்று, பிறகு வேறொரு பறவைக்கு அளிக்கிறது. ஒருமுறை நோய் கண்ட பறவை எதிர்ப்புச் சக்தி பெற்றுவிடும். ஆனால் அச்சக்தியில்லாத புதிய குஞ்சுகள் ஒவ்வோர் இனப்பெருக்கக் காலத்திலும் தோன்றுவதால் சுழற்சி அறுபடுவதில்லை. ஜப்பானிய வைரஸைப் பன்றிகளும் பெருக்குகின்றன. மனிதனின் இரத்தத்திலோ கொசுவுக்குத் தொற்றும் அளவுக்கு வைரஸ் சேர்வதில்லை. தொற்று அவனோடு நின்றுவிடுகிறது. மேற்கு நைல் தொற்றியவர்களுள் ஏறத்தாழ 80 விழுக்காட்டினருக்கு எவ்வித அறிகுறியும் தோன்றுவதில்லை. சுமார் 150 பேரில் ஒருவருக்கே நோய் நரம்பு மண்டலத்தைக் கடுமையாகத் தாக்குகிறது.

1999-இல் நியூயார்க்கில் காகங்கள் மடிந்து வீழ்ந்தது அந்நகருக்கு எச்சரிக்கையாக அமைந்தது. வைரஸுடன் நெடுங்காலம் பழகிய நாடுகளில் பறவைகள் பெரும்பாலும் நோயின்றியே அதனைத் தாங்குகின்றன. எனவே இந்தியாவில் பறவைகள் சாகட்டும் எனக் காத்திருத்தல் பயன் தராது. கொசுக்களையும் பறவைகளின் இரத்தத்தையும் முறையாகச் சோதிப்பதே வழி. இதற்கு மருத்துவர், கால்நடை மருத்துவர், வனத்துறையினர், பறவையியலார் ஆகியோரின் கூட்டு முயற்சி தேவை. 1933-இல் திருவிதாங்கூர்-கொச்சிப் பறவைகளை ஆராய்ந்த சாலிம் அலியும், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமும் பின்னர் உலக சுகாதார நிறுவன உதவியுடன் பறவைகளுக்கு வளையமிட்டு ஆராய்ந்தது இத்தகைய கூட்டுறவுக்கு முன்னோடியாகும்.

அச்சத்தால் கொக்குகளின் மரங்களை வெட்டுவது பேதைமை. கூடிழந்த பறவைகள் வேறிடம் சென்று கூடு கட்டும். கொசுவோ கால்வாயிலேயே இருக்கும். ஜப்பானிய மூளைக் காய்ச்சலைத் தடுக்கத் தடுப்பூசி உண்டு. மேற்கு நைல் நோய்க்கு மனிதருக்கான தடுப்பூசி இல்லை. ஆகவே நீர் தேங்காமல் ஓடச் செய்தலும், அந்தி முதல் விடியும் வரை கொசுக்கடியைத் தவிர்த்தலுமே மட்டாஞ்சேரி மக்களுக்கு உறுதியான காப்பு. ஒரு கால்வாயைத் தூர்வாருவது நகராட்சிப் பணி மட்டுமன்று; அது மூளைக் காய்ச்சல் தடுப்புப் பணியும் ஆகும்.