கை பட்டால்தான் பண்டிகை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, மார்கழிப் பனியையும் பொருட்படுத்தாமல் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் குடிகாட்டுப் பெரியோர்களே, தாய்மார்களே!

கிறிஸ்துமஸ் அலங்காரத்துக்கு ஏற்றது கடைச் சரக்கா, கைவேலையா என்பது தலைப்பு. கைவேலையே என்று அடித்துச் சொல்ல வந்திருக்கிறேன்.

"காசு மிச்சம் என்பதைத் தவிர உங்களிடம் சொல்ல என்ன இருக்கிறது?" என்று எதிரணிச் சகோதரி கேட்டார். காசு மிச்சமாவது கடைசி லாபம், அம்மா. முதல் லாபம் வேறு. வீட்டில் இருக்கும் அத்தனை பேரையும் பண்டிகைக்குள் இழுத்து வருவது கைவேலை ஒன்றுதான்.

ஒரு நட்சத்திரம் கட்டுவதைப் பாருங்கள். ஒரே அளவில் 10 மூங்கில் சிம்பு வேண்டும். ஐந்தைந்தாகக் குறுக்கே வைத்துக் கட்டினால் இரண்டு நட்சத்திரம் கிடைக்கும். ஒன்றின்மேல் ஒன்றை வைத்து ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்டுங்கள். உள்ளே சிம்புகள் ஒன்றையொன்று வெட்டும் ஐந்து இடங்களிலும் சின்னக் குச்சியை முட்டுக் கொடுங்கள். அதுவரை தட்டையாகக் கிடந்தது வயிறு புடைத்து எழும்பும்! சிம்பு சீவுவது அப்பா. பசை காய்ச்சுவது பாட்டி. வண்ணத்தாளைச் சுருக்கம் விழாமல் இழுத்து ஒட்டுவது அக்கா. முனை நழுவாமல் பிடித்துக்கொள்ளப் பக்கத்து வீட்டுப் பையன் வருவான். அவன் வீட்டில் கிறிஸ்துமஸ் கிடையாது. ஆனால் அந்த நட்சத்திரத்தில் அவன் போட்ட முடிச்சு இருக்கிறது! கடையில் வாங்கினால் ஒருவர் காசு கொடுப்பார், ஒருவர் ஆணியில் மாட்டுவார். மற்றவர்களுக்கு அங்கே என்ன வேலை?

"இதெல்லாம் இல்லாதவர்கள் செய்யும் ஒப்பேற்றல்" என்றார் இன்னொரு நண்பர். வரலாறு அப்படிச் சொல்லவில்லை, ஐயா. 1223-இல் இத்தாலியின் கிரேச்சோ என்ற சிற்றூரில் அசிசியின் புனித பிரான்சிஸ் கிறிஸ்து பிறப்புக் குடில் அமைத்தார். அங்கே ஜிகினா இல்லை. தீவனத் தொட்டி, வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை, அவ்வளவுதான். இயேசு எந்த ஏழ்மையில் பிறந்தார் என்பதைக் கண்ணால் காண வேண்டும் என்றே அப்படிச் செய்தார். உலகெங்கும் தொங்குகிறதே மொராவிய நட்சத்திரம், அது 1830-களில் ஜெர்மனியின் நீஸ்கி ஊர்ப் பள்ளியில் பிள்ளைகள் வடிவியல் பாடத்துக்காகச் செய்தது. குடிலும் நட்சத்திரமும் பிறந்ததே கைவேலையில்தான். கடைக்குப் போனது பிற்பாடு.

"சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் முடித்து வருகிறவனுக்கு ஏது நேரம்?" என்று கேட்டார்கள். இந்த ஊரில் கேட்க வேண்டிய கேள்விதான். பதில் திருச்சபைக் காலண்டரிலேயே இருக்கிறது. கிறிஸ்துமசுக்கு முன்னால் திருவருகைக் கால ஞாயிறுகள் நான்கு. முதல் ஞாயிறு சட்டம் கட்டுங்கள். இரண்டாம் ஞாயிறு தாள் ஒட்டுங்கள். மூன்றாம் ஞாயிறு, ஊறவைத்த கேழ்வரகை ஒரு தட்டு மண்ணில் தூவி வையுங்கள். 24-ஆம் தேதி ராத்திரிக்குள் குடிலுக்குப் பசும்புல் தயார். நாலாம் ஞாயிறு, பழுப்புத் தாளைக் கசக்கி மலைக்குகை செய்யுங்கள். ஞாயிற்றுக்கு ஒரு மணி நேரம் போதும்.

மழையில் கிழியும் என்றார்கள். கிழியும்தான். தாழ்வாரத்துக்குள் கட்டுங்கள். கிழிந்தால் தாளை மாற்றுங்கள். மூங்கில் சட்டம் அடுத்த வருஷத்துக்கும் வரும். குண்டு பல்பின் சூட்டில் தாள் கருகும், அதனால் சின்ன எல்.இ.டி. பல்பு போடுங்கள். உடைந்த பிளாஸ்டிக் நட்சத்திரத்தை எந்தப் பசையால் ஒட்டுவீர்கள்?

வியாபாரிகள் பிழைப்பு என்னாவது என்கிறார்கள். நம் கடற்கரை மணலில் சவுக்கு விளைகிறது. அந்தக் கிளை ஒன்றை வாளி மண்ணில் நட்டால் கிறிஸ்துமஸ் மரம். குடிலில் வைக்கும் மண் பொம்மைக்கோ, கொலு பொம்மைக்குப் பேர்போன வண்டிப்பாளையம் நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. சவுக்கு போட்டவர், மூங்கில் விற்பவர், களிமண் பிசைபவர், வண்ணத்தாள் விற்கும் பெட்டிக்கடைக்காரர், இவர்களும் பிழைக்க வேண்டியவர்கள்தானே!

நிறைவாக ஒன்று, நடுவர் அவர்களே. கடலூர் மாவட்டத்துக்கு டிசம்பர் எப்படிப்பட்ட மாதம் என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. 2004-இல் கிறிஸ்துமசுக்கு மறுநாள் காலை சுனாமி. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல். 2015 டிசம்பரில் வெள்ளம். அந்த வெள்ளம் வடிந்த வீடுகளை நினைத்துப் பாருங்கள். பண்டிகை கடையில்தான் கிடைக்கும் என்று சொல்லி வளர்த்த பிள்ளைக்கு, அப்பா கையில் காசில்லாத வருஷத்தில் பண்டிகையும் இல்லை. செய்யத் தெரிந்த பிள்ளையோ, விழுந்து கிடக்கும் தென்னையின் ஓலையைக் கிழித்தாவது தோரணம் பின்னும். பணம் இருக்கிற வருஷமும் இல்லாத வருஷமும் பண்டிகை வரத்தான் செய்கிறது. இரண்டுக்கும் பிள்ளைகளைத் தயார்செய்வது பெற்றவர்கள் கடமை. அந்தத் தைரியத்தைக் கொடுப்பது கைவேலை. ஆகவே, கிறிஸ்துமஸ் அலங்காரத்துக்கு ஏற்றது கைவேலையே என்று தீர்ப்பு வழங்க வேண்டுமென உரிமையோடு கேட்டு அமர்கிறேன்.