முகிலும் சிறகும்

வானத்தை அண்ணாந்து நோக்கியே வாழும் பூமி எட்டயபுரத்துச் சீமை. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் எனப் பரந்து கிடக்கும் கரிசற்காட்டில் வற்றாத ஆறு இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் பொழியும் வடகிழக்குப் பருவமழையை நம்பியே பருத்தியும் உளுந்தும் கம்பும் சோளமும் மானாவாரியாக விளைகின்றன. இங்கே முகில் என்பது வெறும் காட்சியன்று, அது உயிர்.

வானில் வட்டமிடும் கருடனைக் கண்டதும் அன்பர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வர். கருடன் சிறகை அசைக்காமலே உயர்வது எவ்வாறு? கரிய நிலம் ஞாயிற்றின் வெம்மையை மிகுதியாக ஏற்கிறது. அந்நிலத்தைத் தொட்டுச் சூடேறிய காற்று மேலெழும்புகிறது. விரித்த சிறகுடன் கருடன் அதன்மீது ஏறிச் செல்கிறது. அக்காற்றே இன்னும் உயர்ந்து குளிரும்போது, அதிலுள்ள நீராவி நுண்துளிகளாகி வெண்முகிலாகத் திரள்கிறது. பறவையைத் தாங்குவதும் முகிலை ஆக்குவதும் ஒரே காற்று. அது எழுவதோ இம்மண்ணிலிருந்து.

கருடன் பெரிது, தட்டான் மிகச் சிறிது. இரண்டு அங்குல நீளமும் இல்லாத ஒருவகைத் தட்டான், மழை முகில்களைத் திரட்டும் காற்றோட்டத்தைத் துணைக்கொண்டு, இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாகக் கடல் கடந்து கிழக்கு ஆப்பிரிக்கா வரை செல்கிறது என்னும் கருத்தைச் சார்லஸ் ஆண்டர்சன் என்னும் உயிரியல் அறிஞர் 2009ஆம் ஆண்டில் வெளியிட்டார். அது முகிலைத் தொடர்வதற்குக் காரணம் உண்டு. மழைநீர் தேங்கிய குட்டைகளிலேயே அது முட்டையிடுகிறது. ஏறத்தாழ ஆறு வாரம் நீர் நின்றால் அதன் இளவுயிர்கள் சிறகு பெற்று எழும். முன்னரே வற்றினால் சேற்றிலேயே மடியும்.

இனி, இம்மண்ணில் நிகழ்ந்ததாக வழிவழியாகப் போற்றப்படும் அருட்செயலைச் சிந்திப்போருக்கு ஓர் உண்மை விளங்கும். 1775ஆம் ஆண்டு திருவாரூரில் தோன்றிய முத்துசுவாமி தீட்சிதர், எட்டயபுரம் சமஸ்தான வித்துவானாக விளங்கிய தம் இளவல் பாலுசுவாமி தீட்சிதரை நாடி வந்தார். வழியெங்கும் வெடித்துக் கிடந்த நிலத்தையும் வாடிய பயிரையும் கண்டு உள்ளம் உருகினார். அம்பிகையை நினைந்து அமிர்தவர்ஷிணி இராகத்தில் "ஆனந்தாமிர்தாகர்ஷிணி" என்னும் கீர்த்தனையைப் பாடினார். முகில் திரண்டு மழை பொழிந்தது என்பர். 1835ஆம் ஆண்டு தீபாவளித் திருநாளில் எட்டயபுரத்திலேயே அவர் இறைவனடி சேர்ந்தார்.

அப்பெருமகனார் தமக்கெனப் பொன்னோ பொருளோ வேண்டவில்லை. பிறர் வயலுக்கு நீர் வேண்டினார். அந்த வேண்டுதலே சிறகாகி விண்ணை எட்டியது.

அன்பர்களே! மண்ணிலிருந்து எழும் காற்று முகிலாகிறது. முகில் மழையாகி மண்ணுக்கே மீள்கிறது. மழையை அருள்வது இறைவன் திருவுள்ளம். அருளிய நீரைத் தாங்குவது மனிதர் கடமை. தூர்ந்த கண்மாயிலும் குப்பை நிறைந்த தெப்பக்குளத்திலும் பெய்த மழை நில்லாது. ஊருணியின் வரத்துக்காலை ஒருநாள் வெட்டிச் சீர்செய்வதும் திருப்பணியே. அங்கே நீர் நின்றால் பயிர் பிழைக்கும், மாடு குடிக்கும், ஆறு வாரத்தில் தட்டானும் சிறகு விரிக்கும். மழை வேண்டிக் கூப்பும் கைகள், மண்வெட்டியையும் ஏந்துக! அம்பிகையின் திருவருளால் கரிசல் பூமி குளிர்க!