மார்கழிக் குட்டிகள்

ஆடியில் கிடாயோடு சேர்ந்த செம்மறிகள் மார்கழியில் குட்டி போடும். சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள். வயிற்றில் குட்டி பெரும்பாலும் வளர்வது கடைசி 6 வாரத்தில்தான். அப்போது மேய்ச்சல் மட்டும் போதாது. கடலைக்கொடியும் கால் கிலோ அடர்தீவனமும் கொடுங்கள். ஈனுவதற்கு ஒரு மாதம் முன்பு துள்ளுமாரித் தடுப்பூசி போட்டால், தாயின் எதிர்ப்புச் சக்தி சீம்பால் வழியே குட்டிக்கும் போய்ச் சேரும்.

கொட்டிலின் வடக்குப் பக்கம் வாடைக்காற்று நுழையாதபடி சாக்குப் படுதா கட்டுங்கள். மேலே காற்றோட்டம் இருக்கட்டும். தரையில் காய்ந்த வைக்கோல் பரப்புங்கள். ஈரத் தரை குட்டிக்கு எமன்.

குட்டி விழுந்ததும் மூக்கு, வாயிலுள்ள சளியைத் துடைத்துவிட்டுத் தாயை நக்க விடுங்கள். தாய் நக்க நக்க உடம்பு காயும், குட்டி தள்ளாடி எழுந்து மடியைத் தேடும். தொப்புள்கொடியில் டிஞ்சர் அயோடின் தடவுங்கள். காம்பைப் பீய்ச்சி அடைப்பை நீக்கி, ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் ஊட்டுங்கள். இரண்டரை கிலோ குட்டிக்கு முதல் நாளில் குறைந்தது கால் லிட்டர் தேவை. குட்டியின் வாய்க்குள் விரல் விட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்து, துவண்டும் கிடந்தால் முதலில் கதகதப்பு, பிறகே பால்.

சினை ஆடு வைத்திருப்பவர்கள் இந்த வாரமே கொட்டிலைச் சரிபார்த்துவிடுங்கள். பிறக்கும் ஒவ்வொரு குட்டியும் பிழைக்க வேண்டும்.